பபூனின் கடைவாய்ப் பல்

போடிமெட்டு
11 ஆகஸ்டு 1974

தங்கச்சி ஞானஜோதிக்கு,

அண்ணன் மிக்கேல்ராஜ் எழுதுவது. இரண்டரை வருஷம் கழித்துக் கடிதம் வந்திருக்கிறதே, யாராவது செத்துப்போனார்களோ என்று பயப்படாதே. ஒரு பல்தான் செத்துக்கொண்டிருக்கிறது. இடப்பக்கம், கீழே, கடைவாய்.

நீ மலையாளத்துப் பக்கம் சித்தூரில் ஒரு பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகப் பங்குச் சாமியார் சொன்னார். டாக்டர் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையாமே. கோழி அறுக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவள் நீ. உனக்கு எப்படி இந்த வேலை ஒத்துவந்தது என்று நானும் உன் மதினி மதலேனம்மாளும் பேசிக்கொண்டோம்.

கம்பவுண்டர் கிராம்புத் தைலம் கொடுத்தார். பஞ்சில் நனைத்து வைத்தால் நாக்கு மரத்துப்போகிறது, பல் அப்படியே இருக்கிறது. உன் மதினி பல்வலிக்கென்று இருக்கிற அப்பொல்லோனியா அம்மாளிடம் வேண்டிக்கொள்கிறாள். அந்தப் புனிதவதியின் பல்லையெல்லாம் பிடுங்கித்தான் கொன்றார்கள் என்று உபதேசியார் சொன்ன பிறகு எனக்கு அந்த வேண்டுதலில் நம்பிக்கை குறைந்துவிட்டது.

மழை விடவில்லை. போன சனிக்கிழமை தோட்டத்தில் படம் போட்டார்கள். நான் மேஸ்திரியாக இருக்கிற ஏலக்காய் ஸ்டோருக்குள்தான். காய் உலர்த்துகிற கூடத்தில் வெள்ளை வேட்டி கட்டி, ஜனங்களெல்லாம் சாக்கு விரித்து உட்கார்ந்தோம். யாரோ கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள், மஞ்சு மூட்டம் உள்ளே வந்துவிட்டது. கதாநாயகி அழுகிற இடத்தில் பாதி முகம்தான் தெரிந்தது. எனக்கோ பல் வலி. எல்லாரும் சிரித்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. எல்லாரும் அழுத இடத்தில் வலி விட்டது, சிரித்தேன். "மிக்கேலண்ணன் படம் பாக்கும்போதும் பபூன் வேலைதான் காட்டுதாரு" என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

ஜனவரியில் நம் கோயில் செபஸ்தியார் திருவிழா. நாடகத்தில் இந்த வருஷமும் பபூன் நான்தான். பதினாலாவது வருஷம். அதற்குள் பல் சரியாகிவிட வேண்டும். உன் டாக்டரிடம் ஏதாவது மருந்து கேட்டு எழுது.

உன் வீட்டில் எல்லாரும் சுகம்தானே.

உன் அண்ணன்
மிக்கேல்ராஜ்


கொழிஞ்சாம்பாறை
22 ஆகஸ்டு 1974

அண்ணன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் கேட்டதை டாக்டரிடம் கேட்டேன். பல்லைப் பார்க்காமல் மருந்து சொல்ல மாட்டாராம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கவும். வெற்றிலையும் புகையிலையும் போடுவதை நிறுத்தவும். நீங்கள் நிறுத்தமாட்டீர்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

என் வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டில் "எல்லாரும்" என்பது ஒரே ஒரு ஆள். அவருக்கு ஒரு பெயர் உண்டு. சுவக்கீன். இரண்டு பக்கக் கடிதத்தில் அந்தப் பெயரை ஒரு தடவைகூட எழுத முடியவில்லையா?

நான் மறக்கவில்லை. கல்யாணம் முடிந்து முதல் திருவிழா. புதுச் சட்டை போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். சினிமாத் தியேட்டரில் படம் ஓட்டுகிறவர், பேசும்போது திக்கும், அவ்வளவுதான் அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு மேடையில் மாப்பிள்ளை வேஷம் கட்டி வந்தீர்கள். தாலி கட்டுகிற நேரத்தில் "நா... நா... நா..." என்று நின்றீர்கள். இன்னொருவன் கத்தரிக்கோலோடு ஓடி வந்து, "ரீலு மாட்டிக்கிச்சு, வெட்டி ஒட்டுங்கலே" என்றான். முந்நூறு பேர் சிரித்தார்கள். தோட்டத்து மேனேஜர் வீட்டம்மாள்கூடச் சிரித்தார்கள். மறுநாள் காலையில் முதல் ஜீப்பில் நாங்கள் இறங்கினோம். நீங்கள் அதற்குள் ஸ்டோருக்குப் போய்விட்டிருந்தீர்கள்.

எழுத வேண்டியது இவ்வளவுதான். இன்லண்டுக் கடிதத்தில் இடம் மிச்சம் இருக்கிறது, வீணாக்க மனமில்லை.

நேற்று எருத்தேன்பதியிலிருந்து காளியாத்தாள் என்று ஒரு அம்மாள் வந்தார்கள். வாயில் ஒரு பல்கூட இல்லை. மேலும் கீழும் செட்டுப் பல் கட்ட அளவு எடுத்தோம். "ஏனுங்க அம்மிணி, நோம்பிக்குள்ள பல்லு வந்துருமுங்களா?" என்று கேட்டார்கள். பண்டிகை முறுக்குத் தின்பதற்கா என்றேன். "முறுக்கு கெடக்குதுங்க. பேரன் கலியாணத்துக்குப் பொறவு எல்லாருமா டூரிங் டாக்கீசுக்குப் போறோமுங்க. பொக்கவாயத் தொறந்துட்டுச் சிரிச்சா புது மருமவ என்ன நெனப்பா?" டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. மலையாளத்தில் சொன்னேன். கையில் வைத்திருந்த மாவு அச்சோடு அவர் சிரித்த சிரிப்பில் அச்சு கெட்டுப்போனது, மறுபடி எடுத்தோம்.

நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவருடைய தியேட்டரிலும் சரி, எங்கள் டாக்டர் அறையிலும் சரி, ஜனங்கள் வாயைத் திறந்துகொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வித்தியாசம், இங்கே பாதியில் எழுந்து போக ஆசைப்படுகிறார்கள்.

மதினிக்கு என் அன்பு.

ஞானஜோதி சுவக்கீன்


போடிமெட்டு
6 செப்டம்பர் 1974

ஜோதி,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். அம்மா போன பிறகு உனக்குத் தலை வாரிவிட்டவன் நான். ஒரு நாளும் நீ என்னை நீங்கள் என்றதில்லை. அந்தச் சொல்லைப் படித்தபோது பல்வலி பரவாயில்லை என்று இருந்தது.

பல்லைப் பிடுங்கிவிட்டேன். உன்னிடம் வரவில்லை என்று கோபிக்காதே. போடிக்கு இறங்கினேன், சந்தை முனையில் ஒருத்தர் நாற்காலி போட்டு, பலகையில் பல் செட்டெல்லாம் பரப்பி வைத்திருக்கிறார். பக்கத்து டீக்கடையில் ரேடியோ அலறுகிறது. பாட்டு உச்சத்துக்குப் போகிற நேரம் பார்த்து இழுத்தார். வலி தெரியவில்லை என்று சொல்லமாட்டேன். பாட்டும் தெரியவில்லை. இருபது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பல்லை உயர்த்திக் காட்டினார், கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று அவர்களுக்குக் கும்பிடு போட்டேன். அதற்கு இன்னும் அதிகமாகக் கை தட்டினார்கள். மேடை ஏறாமலே நாடகம் நடந்தது.

பிடுங்கிய குழி இன்னும் ஆறவில்லை. அதற்கு நேர் எதிரே கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் இருக்கிறது. அது தவக்காலத்திலிருந்தே, ஆறு மாதமாக இருக்கிறது, புதிதில்லை. ஓரம் வெள்ளையாக, தொட்டால் கெட்டியாக இருக்கிறது. வலி கிடையாது, அதனால் அது ஒரு காரியமில்லை. மிளகாய் பட்டால்தான் எரிகிறது. மதலேனம்மாள் எனக்கென்று உப்பு உறைப்பில்லாமல் வைக்கிற குழம்புதான் பெரிய வேதனை.

நீ எழுதிய மற்றதுக்கும் பதில் சொல்ல வேண்டும். பபூன் என்றால் எல்லாரையும்தான் கேலி பண்ணுவான். மேனேஜரின் இருமலைப் பண்ணியிருக்கிறேன். உபதேசியாரின் மூக்கைப் பண்ணியிருக்கிறேன். ஒருத்தரும் கோபித்துக்கொண்டு ஜீப் ஏறவில்லை. சிரிப்புக்காகச் செய்ததுதானே. நம் வீட்டு மாப்பிள்ளை என்ற உரிமையில் செய்தேன்.

இதை எழுதிவிட்டு மதலேனம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மிக்கேல்ராஜ்


கொழிஞ்சாம்பாறை
13 செப்டம்பர் 1974

அண்ணே,

இதைப் படித்தவுடன் செய். கண்ணாடி முன்னால் நில். வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திற. உன் கையில் ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக உள்ளே விட்டுப் பார். எத்தனை விரல் நுழைகிறது என்று எனக்கு உடனே எழுது.

உன் கடிதத்தை டாக்டருக்கு மலையாளத்தில் சொன்னேன். பல் பிடுங்கின கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். புண்ணைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஓரம் கெட்டியா, எத்தனை மாதம், வலி இல்லையா என்று மூன்று தடவை கேட்டார். கையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவின கை. பிறகு, "இப்போள் தன்னே வரணம்" என்றார். இப்போதே வர வேண்டும் என்கிறார், அண்ணே. வலி இல்லாததுதான் கெட்டது என்கிறார்.

அவர் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் இந்த ஒரு வருஷத்தில் இப்படிப்பட்ட வாய் இரண்டு பார்த்திருக்கிறேன். ஒருத்தர் சீக்கிரம் வந்தார். அவர் இப்போதும் சந்தையில் காய் விற்கிறார். இன்னொருவர் அறுவடை முடியட்டும் என்று இருந்தார்.

புகையிலையைத் தூக்கி எறி. இன்றைக்கே கிளம்பு.

ஜோதி


போடிமெட்டு
24 செப்டம்பர் 1974

ஜோதி,

இரண்டு விரல்தான் நுழைகிறது. மூன்றாவதைத் தள்ளிப் பார்த்தேன், கன்னம் இழுத்துப் பிடிக்கிறது. மதலேனம்மாளுக்கு மூன்று தாராளமாக நுழைகிறது. பேசுகிறவளுக்கு நுழையாமலா என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இப்போது காய் எடுப்பு நேரம். இரவும் பகலும் ஸ்டோரில் சூடு போட வேண்டும், அரை மணி அதிகம் விட்டால் பச்சை நிறம் போய்விடும். நாடக ஒத்திகையும் தொடங்கிவிட்டது. உபதேசியார் இந்தத் தடவை புதுக் கதை எழுதியிருக்கிறார். அவர் அழ வைக்க நினைக்கிற இடத்திலெல்லாம் நான் நுழைந்து சிரிக்க வைக்க வேண்டும். திருவிழா முடிந்து பிப்ரவரியில் வருகிறேன்.

மேலே எழுதினதெல்லாம் உண்மைதான். ஆனாலும் காரணம் அது இல்லை. வந்தால் உன் வீட்டில்தான் தங்க வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து அவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிட வேண்டும். அதற்குள்ள முகம் எனக்கு இல்லை. போன கடிதத்தில் உரிமை கிரிமை என்று எழுதினேன். மேனேஜர் இருமலை நிறுத்த முடியும். உபதேசியார் மூக்கை மேடையில் பார்த்து அவரே சிரித்தார். உன் வீட்டுக்காரரால் என்ன செய்திருக்க முடியும்? எழுந்து திட்டக்கூட முடியாத ஆளைப் பார்த்துத்தான் நான் அதைச் செய்தேன். அது அன்றைக்கே எனக்குத் தெரியும். நீங்கள் போகிற நேரத்தில் ஸ்டோருக்கு ஓடினது அதனால்தான்.

புகையிலை போடாமல் மூன்று நாள் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அண்ணன்


கொழிஞ்சாம்பாறை
1 அக்டோபர் 1974

அண்ணே,

உன் கடிதம் வந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். அவர் பிரித்துப் படித்துவிட்டார். சாயங்காலம் நான் வந்தபோது தகரப் பெட்டியில் ஒரு வேட்டி, சட்டை, துண்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். தியேட்டர் முதலாளியிடம் ஆறு நாள் லீவு சொல்லிவிட்டாராம். படம் ஓட்டுவதற்கு வேலந்தாவளத்திலிருந்து ஒரு ஆளை ஏற்பாடு செய்துவிட்டாராம். எங்கே போகிறீர்கள் என்றேன். "போ... போடிமெட்டுக்கு" என்றார்.

வியாழக்கிழமை உன் வீட்டு வாசலில் நிற்பார். காய் எடுப்பு, ஒத்திகை என்று அவரிடம் சொல்லிப் பார். அவர் பதில் பேசமாட்டார். பேசாமல் பெட்டியோடு நின்றுகொண்டே இருப்பார். அந்த ஆளை அப்படி நிற்கிற இடத்திலிருந்து நகர்த்த எனக்கே முடிந்ததில்லை.

பஸ்ஸில் அவரைப் பேச்சுக்கு இழுக்காதே. ஜன்னல் பக்கம் உட்கார வை, மலை இறங்கும்போது தலை சுற்றும். மதினியைப் பயப்பட வேண்டாம் என்று சொல். நானும் பயப்படவில்லை. இதை எழுதுகிற நேரத்தில் மட்டும்.

ஜோதி


கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி
20 நவம்பர் 1974

ஜோதி,

ஞாயிற்றுக்கிழமைதான் நீ வந்து போனாய். இருந்தாலும் எழுதுகிறேன். மூக்கில் குழாய் இருந்தவரைக்கும் நோட்டுப் புத்தகத்தில் எழுதியே பழகிவிட்டது. குழாயை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. வாயால் கஞ்சி குடிக்கிறேன். பாதி உள்ளே, பாதி துண்டில்.

கன்னத்தில் ஒரு துண்டு, தாடை ஓரத்தில் கொஞ்சம், ஐந்து பற்கள். இவ்வளவையும் வெட்டி எடுத்துவிட்டு, முழுதும் வந்துவிட்டது, வேர் இல்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். இனி கரண்டு வைக்கிறது என்கிற கதிர் வைத்தியம் மட்டும்தான் பாக்கி. இன்னும் நாலு மாதம் விட்டிருந்தால் நாக்கையும் கேட்டிருக்குமாம். உன் டாக்டருக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை. அவர் என் வாயைப் பார்த்த அன்றைக்கே ஒரு துளி சதையை எடுத்து அனுப்பி, இங்கே சீட்டும் கொடுத்துத் தள்ளிவிட்டாரே. நல்ல ஏலக்காயாகக் கொஞ்சம் அனுப்பச் சொல்லி மதலேனம்மாளிடம் சொல்லியிருக்கிறேன்.

பேசச் சொல்கிறார்கள். பேசினால் ஒரு எழுத்தும் அதனதன் இடத்தில் நிற்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் ரத்தினசாமிக் கவுண்டர் என்று உங்கள் பக்கத்து ஆள். நல்ல மனுஷன். ஆனால் நான் "த" என்றால் போதும், "தண்ணிங்களா? தலகாணிங்களா? தங்கச்சி வரோணுமுங்களா?" என்று அடுக்குகிறார். நான் கேட்டது தட்டு. நர்சும் அப்படித்தான். என் வாய் அடுத்த எழுத்தைத் தேடுகிறதுக்குள் அவர்கள் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் முடிக்கிறது நான் சொல்ல வந்ததில்லை. இல்லை என்று தலையாட்டினால் முகத்தில் ஒரு சலிப்பு வருகிறது. கடைசியில் அலுத்துப்போய் தண்ணீரையே வாங்கிக் குடித்துவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் காத்திருக்கிறார். காலை பஸ்ஸில் வந்து, மத்தியானக் காட்சிக்குள் திரும்புகிற மனுஷன், அவசரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் நான் பேசத் தொடங்கினால் முட்டியில் கை வைத்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறார். வாயைப் பார்க்கமாட்டார். எவ்வளவு நேரமானாலும் அப்படியே இருக்கிறார். நான் சொல்ல நினைத்த சொல்லை நானே சொல்லி முடிக்கிறது அவரிடம் மட்டும்தான்.

அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு நல்ல மழை. நான் வாங்க என்றேன். "பெ... பெட்டி எங்கீங்க?" என்றார். பிறகு பழனியில் காப்பி வாங்கிக் கொடுத்தபோதுதான் பேசினார். ஆற வைத்துக் குடிக்கச் சொன்னார். அவ்வளவுதான் வழி முழுக்க எங்கள் பேச்சு.

நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு மேடையில நான் செஞ்சது பெரிய தப்பு மாப்ள, மன்னிச்சிருங்க." இந்த ஒரு வரிக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று ரத்தினசாமிக் கவுண்டரைக் கேட்டால் சொல்வார். நடுவில் மூன்று இடத்தில் கவுண்டர் முடித்து வைக்கப் பார்த்தார். மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார்.

நான் முடித்ததும் போர்வையை இழுத்து என் காலை மூடினார். பிறகு, "அ... அது நல்லாத்தான் இருந்துச்சுங்க மச்சான். எனக்கே சி... சிரிப்பு வந்துருச்சு. ஜோதி மொகத்தப் பாத்துத்தான் அடக்கிக்கிட்டேன்" என்றார்.

மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. சிரித்தாராம், ஜோதி. நீதான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு நேற்று ராத்திரி நல்ல தூக்கம்.

அண்ணன்


கொழிஞ்சாம்பாறை
25 நவம்பர் 1974

அண்ணே,

கடிதம் கிடைத்தது. அவர் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தாய். சரி. உனக்குத் தூக்கம் வந்ததே, அது போதும்.

கரண்டு வைத்து முடிந்ததும் இங்கேதான் வர வேண்டும், நேரே மலைக்குப் போகக் கூடாது. குளிர் ஆகாது. மதினியும் இங்கே வரட்டும். எங்களிடம் இரண்டு கட்டில் உண்டு, ஒன்று ஆடும்.

காளியாத்தாள் அம்மாளுக்குப் பல் வந்துவிட்டது. போட்டுக்கொண்டு படத்துக்கும் போய் வந்தார்களாம். எப்படி இருந்தது என்று கேட்டேன். "அழுவாச்சிப் படமுங்க அம்மிணி. இத்தன செலவு பண்ணிப் பல்லக் கட்டிட்டு, ஒருவாட்டி கூடச் சிரிக்கலீங்க" என்றார்கள். இதை உனக்கு எழுத வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். இப்போது சிரிக்காதே. தையல் இழுக்கும்.

ஜோதி


போடிமெட்டு
23 ஜனவரி 1975

அன்புள்ள ஜோதிக்கு,

மலைக்கு வந்து பத்து நாள் ஆகிறது. சாயங்காலமானால் கழுத்தைச் சுற்றிக் கம்பளி. மதலேனம்மாள் மூன்று வேளையும் கூழாக்கித் தருகிறாள். ஸ்டோர் வேலையை மேனேஜர் திரும்பக் கொடுத்துவிட்டார், கூட ஒரு ஆளையும் போட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா முடிந்தது. பூசைக்குப் பிறகு மத்தியானம் நாடகம். பபூன் வேஷம் இந்த வருஷம் பெரியமுத்துக்கு. செடிக்கு மருந்து ஸ்ப்ரே அடிக்கிற கூட்டத்தில் இருக்கிறானே, ஒல்லியாக, அவன்தான். நாடகத்துக்கு முன்னால் நான் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று உபதேசியாரிடம் கேட்டேன். என்ன பேசப்போகிறேன் என்று அவரிடமும் சொல்லவில்லை, மதலேனம்மாளிடமும் சொல்லவில்லை.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினேன். வேஷம் இல்லாமல் அந்த மேடையில் நான் நின்றதே இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எல்லாருக்கும் வணக்கம் என்று தொடங்கினேன். என் வாயில் அது எப்படி வரும் என்று உனக்குத் தெரியும்.

முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெண்கள் பக்கம். பிறகு எல்லாரும். நான் ஏதோ புதுக் குரல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். பாதிப் பேருக்கு மேல் என் வியாதி தெரியும், ஜோதி. தெரிந்தும் சிரித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நான் வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும் என்று பதிமூன்று வருஷமாகப் பழக்கிவிட்டவன் நான். "சிரிக்காதீங்க" என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கீழே பெரியமுத்து மட்டும் பாதி அரிதாரம் பூசின முகத்தோடு பேந்தப் பேந்த விழித்தான். மதலேனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தது. பிறகு முட்டியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷனை நினைத்துக்கொண்டேன். அவசரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவர்கள் சிரித்து முடிக்கிறவரை நின்றேன். ரொம்ப நேரம் சிரித்தார்கள். ஓய்ந்ததும் திரும்பத் தொடங்கினேன்.

"மூணு வருசத்துக்கு முன்னால, இதே எடத்துல, என் தங்கச்சி மாப்பிள்ளையக் கேலி பண்ணுனேன். நீங்களும் சிரிச்சீங்க. அவரு பேரு சுவக்கீன். நான் சாகக் கெடக்கயில இங்க வந்து என்னயக் கூட்டிட்டுப் போனவரு அவருதான். நான் செஞ்சது தப்பு. எங்க செஞ்சேனோ அங்கயே சொல்லணும்னு வந்தேன்."

இவ்வளவுதான். ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து நிறுத்திச் சொன்னேன். நடுவில் எச்சில் வழிந்தது, துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னேன். சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. அவர் பெயரைச் சொன்னபோது மேடைக்குப் பின்னால் மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது கேட்டது. ஒருத்தரும் கை தட்டவில்லை. தட்டாதது நல்லது. பெரியமுத்து வந்து கையைப் பிடித்து இறக்கினான். பிறகு நாடகம் நடந்தது. பையன் நன்றாகச் செய்தான். உபதேசியாரின் சோகக் கட்டத்தை ஒரு வாழைப்பழத்தை வைத்தே நாசமாக்கிவிட்டான். நானும் சிரித்தேன். முக்கால் வாய்க்குத்தான் சிரிப்பு வருகிறது, பரவாயில்லை.

ஒன்று மட்டும் உனக்குத் தனியாக எழுதுகிறேன். அவர்கள் சிரித்த அந்த நேரத்தில், மேடையில் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கும் வராது. ஆஸ்பத்திரியில் அவர் தனக்கே சிரிப்பு வந்தது என்றாரே, அது பொய். உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். அதனால்தான் சரி என்று ஒரே சொல்லோடு நிறுத்திவிட்டாய். கட்டிலில் கிடக்கிறவனுக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரி எனக்கு அந்தப் பொய்யைக் கொடுத்திருக்கிறார். அதைக் குடித்துத்தான் நான் எழுந்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லாதே.

அண்ணன்
மிக்கேல்ராஜ்


கொழிஞ்சாம்பாறை
29 ஜனவரி 1975

அண்ணே,

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் வாசிக்கவில்லை. நீ மேடையில் பேசின இடம் வந்ததும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எழுந்து போய் சைக்கிளைத் துடைத்தார். காலையில்தான் துடைத்திருந்தார்.

அந்தத் திருவிழாவுக்குப் பிறகு ஒரு மாதம் அவர் கடைக்குப் போனால்கூட வேண்டியதைத் தாளில் எழுதிக் காட்டி வாங்கி வந்தார். இதை உனக்குச் சொல்லவே கூடாது என்றிருந்தேன். இப்போது நீ தாங்குவாய் என்று தோன்றுகிறது.

டாக்டர் உன்னைப் பிப்ரவரி எட்டாம் தேதி, சனிக்கிழமை, வரச் சொல்கிறார். புண் ஆறின இடத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்துக்குப் பல் கட்ட முடியுமா என்று அளவு எடுப்பாராம். வாய் திறக்கிற பயிற்சியை விடாதே. ஏலக்காய் வந்தது. டாக்டர் வீட்டில் டீயெல்லாம் இப்போது ஏலக்காய் டீதான், வருகிற நோயாளிகள் கொட்டாவி விட்டால்கூட மணக்கிறது.

மதினியையும் கூட்டி வா. ஆடுகிற கட்டிலைச் சரி செய்துவிட்டோம்.

என் வீட்டுக்காரர் வணக்கம் சொல்லச் சொன்னார் என்று முடிக்கலாம் என்று பார்த்தேன், அவர் பேனாவைப் பிடுங்குகிறார்.

ஜோதி

மச்சானுக்கு சுவக்கீன் எழுதுவது. எட்டாம் தேதி டாக்டரிடம் காட்டிவிட்டு உடனே மலைக்குத் திரும்ப வேண்டாம். ஏழாம் தேதி எங்கள் தியேட்டரில் படம் மாறுகிறது. நல்ல சிரிப்புப் படம் என்கிறார்கள். அடுத்த வாரம் தவக்காலம் தொடங்கிவிட்டால் ஜோதி யாரையும் படம் பார்க்க விடமாட்டாள். நீங்கள் கீழே ஜனங்களோடு உட்கார வேண்டியதில்லை, என்னோடு மேலே ஆபரேட்டர் அறையில் இருக்கலாம். இரண்டு ஸ்டூல் இருக்கிறது. மெஷின் ஓடுகிற சத்தத்தில் அங்கே ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. சிரித்தால் தெரியும்.